கம்பத்தின் நடுவே ஒரு மீட்டர்

எட்டு மீட்டர் சிமெண்ட் மின்கம்பத்தில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் போய்விடும். தரைக்கு மேல் நிற்பது ஆறரை மீட்டர். உச்சியில் எல்.டி. லைன் எனப்படும் 240/415 வோல்ட் கம்பிகள். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி அந்தக் கம்பிகள் தெருவின் ஓரமாகப் போகும்போது தரையிலிருந்து 5.5 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது; தெருவைக் குறுக்கே கடக்கும் இடத்தில் 5.8 மீட்டர் இருக்க வேண்டும். கம்பி தொய்வதற்கும் இடம் விட்டாக வேண்டும் என்பதால் கம்பத்தின் மேல்பகுதி முழுவதும் மின்சாரத்துக்கே சரியாகிவிடுகிறது. கீழ்ப்பகுதி லாரியும் பேருந்தும் கோயில் தேரும் போவதற்கான உயரம். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது ஒரு மீட்டரும் சில்லறையும்தான். தெருவிளக்கின் கையும் வீடுகளுக்குப் பிரியும் சர்வீஸ் ஒயரும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. அதே இடத்தில்தான் கேபிள் டிவி ஒயர், நான்கைந்து இணைய நிறுவனங்களின் ஃபைபர், கண்காணிப்புக் கேமராவுக்குப் போகும் ஒயர், இணைப்பு போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் கழற்றப்படாத பழைய ஒயர் எல்லாம் கட்டுக்கட்டாகத் தொங்குகின்றன. மின்கம்பிக்கும் தகவல்தொடர்பு கேபிளுக்கும் இடையே இருக்க வேண்டிய வெற்றிடம் யார் பொறுப்பிலும் இல்லாததால்தான் அது நிரம்பிப்போனது. அதைக் காக்கும் கடமை கம்பத்தின் சொந்தக்காரரான மின்வாரியத்துடையது. அந்தக் கடமையை நிறைவேற்றத் தேவையான அதிகாரமும் பணமும் அதற்கு வெளிப்படையாகக் கொடுக்கப்பட வேண்டும் என்பதே என் வாதம்.

இந்த வெற்றிடம் எதற்கு? கம்பியும் கேபிளும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால் போதும் என்றால் ஒரு சாண் போதுமே என்று தோன்றும். 240 வோல்ட் மின்சாரம் ஒரு மில்லிமீட்டர் காற்றைக்கூடத் தாண்டிப் பாயாது. 11,000 வோல்ட் எச்.டி. லைனிலும் அந்தத் தாவல் சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் இந்த இடைவெளியின் முதல் நோக்கம் கேபிளில் வேலை செய்யும் ஆளைக் காப்பது. ஏணியில் நின்று கேபிளைக் கட்டுபவரின் தலையும் தோளும் கேபிளுக்கு மேலே இருக்கும். அவர் கையை உயர்த்துவார், கருவியைத் தூக்குவார், புதிய ஒயரைச் சுழற்றி எறிவார், கால் வழுக்கினால் எட்டியதைப் பிடிப்பார். அந்த அசைவுகள் அத்தனைக்கும் பிறகும் அவருடைய கை மின்கம்பியை எட்டக் கூடாது. நூறாண்டுக்கும் மேலாகத் திருத்தப்பட்டு வரும் அமெரிக்க தேசிய மின் பாதுகாப்பு விதித்தொகுப்பு, பொதுவாக மின்பகுதிக்கும் தகவல்தொடர்புப் பகுதிக்கும் இடையே கம்பத்தில் 40 அங்குலம், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தைக் காலியாக விடச் சொல்வது இந்தக் கணக்கில்தான். நம் ஊரில் மின்வாரிய லைன்மேன் கம்பத்தில் ஏறும் முன் எல்.சி. எனப்படும் லைன் கிளியர் அனுமதி வாங்க வேண்டும், டிரான்ஸ்பார்மரில் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை எர்த் செய்த பிறகே கை வைக்க வேண்டும். கேபிள் கட்ட வரும் இளைஞருக்கு எல்.சி. கொடுப்பார் யாருமில்லை. மேலே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் ஏறுகிறார். அவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அந்த ஒரு மீட்டர் காற்று.

கம்பத்தில் அளந்த தூரம் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் இருப்பதில்லை. வெயிலிலும் சுமையிலும் அலுமினியக் கம்பி நீள்கிறது. எஃகுக் கருவுள்ள அலுமினியக் கம்பி ஐம்பது மீட்டர் தூரத்துக்கு இழுக்கப்பட்டு, அதிகாலைக் குளிர்ச்சியில் நடுவில் அரை மீட்டர் தொய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலும், எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும் மின்சுமையும் சேர்ந்து அதன் வெப்பத்தை 40 டிகிரி உயர்த்தினால், கம்பி நீள்வது வெறும் நான்கு சென்டிமீட்டர். ஆனால் அந்த நான்கு சென்டிமீட்டர், நடுத்தொய்வை அரை மீட்டரிலிருந்து ஏறத்தாழ 90 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோய்விடும். கீழே இருக்கும் கேபிளோ எஃகுக் கம்பியில் கட்டப்பட்டது. எஃகு விரிவது அலுமினியம் விரிவதில் பாதி. போதாததற்கு, பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும், லாரியில் சிக்காமல் இருக்கட்டும் என்று கேபிளை முறுக்கி இழுத்துக் கட்டுகிறார்கள். அதன் தொய்வு 20 சென்டிமீட்டர்தான். கம்பத்தில் ஒரு மீட்டர் இருந்த இடைவெளி, தெரு நடுவில் 30 சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது. இத்தனைக்கும் இங்கே யாரும் எந்த விதியையும் மீறவில்லை. காற்றடித்தால் மேலும் குறையும். கேபிளை மின்கம்பத்தில் கட்டாமல், ஒரு வீட்டு மாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து எதிர்வீட்டு மாடிக்கு இழுக்கும்போது அது மின்கம்பிக்கு மேலேயே போகிறது. அறுந்தால் நேராக மின்கம்பியின் மேல்தான் விழும். ஆகவே கம்பத்தில் டேப் பிடித்து அளந்துவிட்டு அனுமதி கொடுப்பது போதாது. மிக வெப்பமான நேரத்தில், இரண்டு கம்பங்களுக்கு நடுவில், எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எந்த இளநிலைப் பொறியாளரும் ஒரு தாளில் கணக்கிட்டுச் சொல்லக்கூடியது இது.

இதற்கு உடனே வரும் மறுப்பு ஒன்று உண்டு. கேபிள் டிவியின் உலோகக் கோஆக்ஸ் ஒயர் காலத்தில் இந்த அச்சம் சரி. இப்போது எல்லாம் ஃபைபர், அதில் ஓடுவது ஒளி, கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே தொட்டாலும் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். கண்ணாடி கடத்தாது என்பது உண்மை. ஆனால் கண்ணாடி இழை தன் எடையைத் தானே தாங்காது. அதைத் தாங்க எஃகுக் கம்பியைக் கேபிளோடு சேர்த்து வார்க்கிறார்கள், அல்லது தனியாக ஒரு ஜி.ஐ. கம்பியை இழுத்து அதில் கட்டுகிறார்கள். வீட்டுக்குள் வரும் மெல்லிய ஒயரிலும் பல வகைகளில் எஃகு இழை உண்டு. உலோகமே இல்லாத, தன்னைத் தானே தாங்கும் கேபிளும் இருக்கிறது. உயரழுத்தப் பாதைகளில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அதற்கும் விலை உண்டு என்பதால் தெருக்களில் எல்லோரும் அதைப் போடுவதில்லை. எஃகு இருக்கும் வரை ஃபைபரும் மின்சாரத்தைச் சுமந்து செல்லும் கம்பிதான்.

அந்த எஃகு மின்கம்பியைத் தொட்டால் ஃபியூஸ் போய்விடும் அல்லவா என்று கேட்கலாம். பெரும்பாலும் போகாது, ஆபத்தின் மையமே அதுதான். ஃபியூஸ் போக வேண்டுமென்றால் பெரிய மின்னோட்டம் மண்ணுக்குப் போக வேண்டும். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் முழுச் சுமையில் ஒவ்வொரு ஃபேஸிலும் ஓடுவது சுமார் 139 ஆம்பியர். ஃபியூஸ் அந்த அளவைத் தாங்கும்படிதான் போடப்பட்டிருக்கும். கேபிளைத் தாங்கும் எஃகுக் கம்பி எர்த் செய்யப்படாமல், சிமெண்ட் கம்பத்தில் பிளாஸ்டிக் பட்டையால் கட்டப்பட்டிருந்தால், மண்ணுக்குப் போக அதற்கு நல்ல வழியே இல்லை. எதுவும் வெடிக்காது, தெருவில் விளக்கு அணையாது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கம்பி மட்டும் உயிரோடு காத்திருக்கும். யாராவது ஈரக்காலோடு நின்று அதைத் தொடும்போது அவருடைய உடல்தான் மண்ணுக்கான வழியாகிறது. வீட்டில் பொருத்தும் ஈ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும்படி அமைக்கப்பட்டிருப்பது, அதற்கு மேல் போனால் மனித இதயம் தாங்காமல் போகலாம் என்பதால். 139 ஆம்பியருக்கும் 30 மில்லி ஆம்பியருக்கும் இடையே நாலாயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு. ஓர் ஆளைக் கொல்லும் மின்னோட்டத்தைத் தெருமுனை ஃபியூஸ் கவனிக்கவே கவனிக்காது. எனவேதான் எச்.டி. லைன் தெருவைக் கடக்கும் இடங்களில் கீழே காப்புக் கம்பிகளைக் கட்டி அவற்றை எர்த் செய்யும் பழக்கம் வந்தது. அறுந்த கம்பி அவற்றில் விழுந்ததும் மின்சாரம் நின்றுவிடும். கேபிள் தாங்கும் எஃகுக் கம்பியைக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை எர்த் செய்ய வேண்டும் என்ற ஒரே நிபந்தனை பல உயிர்களைக் காக்கும். ஆண்டுக்கு ஆகும் செலவும் அதிகமில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-இல் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். அந்தப் பட்டியலில் இவர்கள் எல்லோரும் ஒரே தலைப்பின் கீழ் வருகிறார்கள். விவசாய மோட்டாரில் இறந்தவரும், அறுந்த கம்பியை மிதித்தவரும், கேபிள் கட்டும்போது இறந்தவரும் அங்கே ஒன்றுதான். காரணத்தைப் பிரித்து எழுதாத வரை தடுப்பதும் பொத்தாம்பொதுவாகத்தான் இருக்கும்.

சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. மின்கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் ஒன்றுக்கொன்று ஆபத்து என்பது இந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்டதே. இதற்காகவே மின்துறையும் தொலைத்தொடர்புத் துறையும் சேர்ந்த ஒருங்கிணைப்புக் குழு மத்தியிலும் மாநிலங்களிலும் இருக்கிறது. 33,000 வோல்ட் கம்பி தொலைபேசிக் கம்பியைக் கடக்கும் இடத்தில் 2.44 மீட்டர், 132 கிலோவோல்ட்டுக்கு ஏறத்தாழ 2.75 மீட்டர் என்று கணக்குகள் உண்டு. இருவரில் யார் பின்னால் வருகிறாரோ அவரே காப்பு ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்பது விதி. நியாயமான விதி. ஆனால் இவையெல்லாம் அரசுத் தொலைபேசித் துறை ஒன்று, மின்வாரியம் ஒன்று என்று இரண்டே கைகள் இருந்த காலத்தில், ஊருக்கு வெளியே நீளும் பெரிய பாதைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு கம்பத்தில் பத்துக் கேபிள் தொங்கி, அவற்றில் எது யாருடையது என்று அடையாளமே இல்லாதபோது, பின்னால் வந்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கிடையே இன்னொரு பக்கம் வேகம் கூடிக்கொண்டே போகிறது. 2022-இல் திருத்தப்பட்ட வழித்தட உரிமை விதிகள் தெருக் கம்பங்களில் கேபிள் கட்டுவதற்கு முறையான வழியைத் திறந்தன. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த புதிய விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பாரத்நெட் திட்டத்திலும் ஃபைபர் பெரும்பாலும் மின்கம்பங்களின் வழியேதான் போகிறது. கிராமத்துக்கு இணையம் போவது நல்லது, மிக நல்லது. அனுமதியை விரைவாகக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கும்போது, கட்டிய பிறகு இடைவெளியை அளந்து பார்க்கும் ஏற்பாடும் அதே வேகத்தில் இருக்க வேண்டாமா என்பதுதான் கேள்வி.

கேபிள் கட்டியது வேறொருவர், அதற்கு மின்வாரியம் எப்படிப் பொறுப்பாகும் என்று மின்வாரியத் தரப்பில் கேட்கக்கூடும். இதற்கான விடையை உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லிவிட்டது. மழை இரவில் மிதிவண்டியில் வந்தவர் சாலையில் கிடந்த மின்கம்பியில் சிக்கி இறந்த வழக்கு அது. மின்சாரம் திருடுவதற்காக வேறொருவர் இழுத்த கம்பி அது, ஆகவே நாங்கள் பொறுப்பல்ல என்றது மத்தியப் பிரதேச மின்வாரியம். அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆபத்தான ஒன்றைக் கையாண்டு வழங்குபவர், கவனக்குறைவு இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அப்பாலும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. மூன்றாம் ஆளின் செயல் அதிலிருந்து தப்பிக்க வழியாகாது என்றது. தன் கம்பியில் கொக்கி போட்டவரின் செயலுக்கே பொறுப்பேற்க வேண்டியிருக்கும்போது, தன் கம்பத்தில் பட்டப்பகலில் எல்லோரும் பார்க்கக் கட்டப்பட்டு, வாடகையும் வசூலிக்கப்படும் கேபிளுக்குப் பொறுப்பில்லை என்று எப்படிச் சொல்வது? சட்டப்படி பொறுப்பு வந்துவிட்டது. அதற்கு ஈடான அதிகாரம்தான் கள அலுவலரின் கையில் இல்லை. உதவிப் பொறியாளர் ஒரு கேபிளை வெட்டினால் அரை மணி நேரத்தில் தொலைபேசி அழைப்பு வரும். வெட்டாமல் விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள், ஒரு சாவு நடக்கும் வரை.

சாவு நடந்த பிறகு எல்லாவற்றையும் வெட்டுவதும் தீர்வல்ல. 2025 ஆகஸ்டில் ஹைதராபாத்தின் ராமந்தாபூரில் கிருஷ்ண ஜெயந்தி ஊர்வலத்தில் ரதத்தின் மேல் மின்சாரம் பாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். தெருவில் தொங்கிய கேபிள்கள் மீது பழி விழுந்தது. மின்பகிர்மான நிறுவனம் கம்பங்களிலிருந்து கேபிள்களை வெட்டித் தள்ளத் தொடங்கியது. இணையம் நின்றது, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் தவித்தார்கள், விவகாரம் தெலங்கானா உயர் நீதிமன்றம் வரை போனது. எது அனுமதி பெற்றது, எது பெறாதது, எது செத்துப்போன ஒயர் என்று பிரித்துப் பார்க்கக் கம்பத்தில் ஓர் அடையாளமும் இல்லாததன் விலை அது. வெட்டியவர்களின் கோபத்தையும் புரிந்துகொள்ள முடிகிறது, வெட்டுப்பட்டவர்களின் கோபத்தையும் புரிந்துகொள்ள முடிகிறது. இருவருக்கும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது.

அந்த வேலை சிக்கலானதல்ல. ஒவ்வொரு கம்பத்திலும் மின்பகுதிக்குக் கீழே ஒரு மீட்டர் விட்டு ஒரு வண்ணப் பட்டை அடிக்க வேண்டும்; அதற்கு மேல் எந்தக் கேபிளும் போகக் கூடாது. ஏணியில் ஏறும் இளைஞர் விதிப்புத்தகத்தைப் படிக்கப்போவதில்லை, பட்டையை அவர் பார்ப்பார். கேபிளில் அதன் சொந்தக்காரரின் பெயரும் அனுமதி எண்ணும் கொண்ட தகடு இருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்து ஒரு மாதத்துக்குப் பிறகும் தகடு இல்லாத ஒயரை அகற்ற மின்வாரியத்துக்கு உரிமை வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரு தெருவுக்கு ஒரே பொதுக் கேபிள். 48 இழைகள் கொண்ட ஃபைபர் கேபிள் ஒரு விரல் பருமன்தான். ஒரு தெருவுக்குச் சேவை தரும் எல்லா நிறுவனங்களுக்கும் அது போதும். இப்போதோ ஆளுக்கொரு கேபிள், அதில் பெரும்பாலான இழைகள் பயன்படாமலேயே கிடக்கின்றன. கம்பத்தில் இடம் ஒரு மீட்டர்தான் என்ற உண்மையை ஏற்றுக்கொண்டால், அதைப் பங்கிட்டுப் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. போட்டி கெட்டுவிடும் என்பார்கள். வேகத்திலும் விலையிலும் சேவையிலும் போட்டியிடட்டும். ஒரே தெருவில் பத்து ஒயரை இழுப்பதில் வாடிக்கையாளருக்கு என்ன லாபம்?

சிறு கேபிள் தொழிலாளர்களின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வியை அப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெரிய நிறுவனங்கள் பொதுக் கேபிளைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்து, ஊர் ஊராகத் தொழில் செய்துவந்த சிறிய ஆபரேட்டர்களை வெளியேற்றிவிடும் அபாயம் உண்மையானது. அதனால்தான் பொதுக் கேபிள் தனியார் கையில் இருக்கக் கூடாது. கம்பத்தின் சொந்தக்காரரோ, ஏற்கெனவே ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் அரசு நிறுவனமோ அதை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஒரே வாடகையில் இழைகளைத் தர வேண்டும். கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகும் கடைசி ஒயரும், பழுது பார்க்கும் வேலையும், சந்தாதாரரோடு உள்ள உறவும் சிறிய ஆபரேட்டரிடமே இருக்கும். கம்பத்தில் ஏறி உயிரை விடும் இளைஞர்களில் பலரும் இந்தச் சிறிய ஆபரேட்டர்களிடம் நாள்கூலிக்கு வேலை செய்பவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவர்களுடைய பிழைப்பைக் காக்கிறோம் என்ற பெயரில் உயிரைக் காக்காமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் நன்மையல்ல.

எல்லாவற்றையும் மண்ணுக்கடியில் புதைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை என்பவர்களின் எண்ணம் சரியானதே. சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் புதைவடத்தில்தான் போகிறது. ஆனால் புதைவடத்துக்கு ஆகும் செலவு கம்பிப் பாதையின் செலவைப் போல் பல மடங்கு. மாநிலத்தின் பெரும்பகுதி இன்னும் பல பத்தாண்டுகள் கம்பத்தில்தான் இருக்கப்போகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தபோது, டெல்டாவில் திரும்பவும் நட்டதும் கம்பங்களையே. உறையிட்ட கம்பிகளை முறுக்கிய ஏ.பி. கேபிளுக்கு மாறுவது செலவில் நடுவழி, ஆபத்தையும் வெகுவாகக் குறைக்கும். நெருக்கமான தெருக்களில் அதைத்தான் முதலில் போட வேண்டும். அதன் உறையும் வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்து நைந்துபோகும், உராயும் ஒயர் அதைத் தேய்க்கும் என்பதால் அங்கும் இடைவெளி தேவை. சாலை போடும் துறைக்கும் இதில் பங்கு உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுச் சாலை ஒரு முழம் உயர்ந்தால், கம்பத்தில் யாரும் கை வைக்காமலேயே உயரம் ஒரு முழம் குறைந்துவிடுகிறது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்த பிறகு சாலை உயரமும் பேசப்பட்டது. கேபிள் தொங்கும் தெருக்களுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் அதற்கு முன் மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்து மரக்கிளைகளை வெட்டுகிறது, தொய்ந்த கம்பிகளை இழுத்துக் கட்டுகிறது. லைன்மேன் எப்படியும் கம்பத்தில் ஏறத்தான் போகிறார், எல்.சி.யும் வாங்கியிருப்பார். அதே நாளில் அந்தப் பகுதிக் கேபிள் ஆபரேட்டர்களையும் இணைய நிறுவனங்களின் ஆட்களையும் வரச் சொல்லி, மின்சாரம் நின்றிருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் தங்கள் கேபிளைப் பட்டைக்குக் கீழே இறக்கிக் கட்டவும், தகடு மாட்டவும், செத்த ஒயரை அறுத்தெடுக்கவும் செய்யலாம். தகடு இல்லாதவற்றின் கணக்கைப் பிரிவு அலுவலகத்தில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு எதை அகற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மின்வாரியத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும், கம்ப வாடகையிலிருந்து இதற்கென ஒதுக்கிய ஒரு பங்கும் போதும்.